சிஆர்பி 6.8 என்று வந்திருக்கிறது. மனச்சோர்வுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

செந்தூல்காரன்:

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் எங்கள் கம்பெனிக்கு ஒரு தனியார் லேப்பிலிருந்து ஆட்கள் வந்து எல்லாருக்கும் ரத்தம் எடுத்தார்கள். பேக்கேஜ் விலையில் பாதியைக் கம்பெனி கட்டியது, அதனால் நானும் கையை நீட்டிவிட்டேன். கொழுப்பு, சர்க்கரை எல்லாம் சரி. ஹெச்எஸ்-சிஆர்பி என்று ஒன்று மட்டும் 6.8, சிவப்பு மையில். பக்கத்திலேயே ஒரு குறிப்பு, உடலில் அழற்சி அதிகம் இருப்பதால் மனச்சோர்வு வரும் அபாயம் உண்டாம். போன் செய்து கேட்டால், மூளை அழற்சிக்கென்று தனிப் பேக்கேஜ் இருக்கிறது, ஐஎல்-6 எல்லாம் பார்ப்போம் என்று ஒரு விலை சொன்னார்கள், என் மோட்டார் தவணையைவிட அதிகம்.

சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் நான் எட்டு மாதமாக மனச்சோர்வுக்கு எஸ்சிட்டாலோப்ராம் சாப்பிடுகிறேன். அதைவிட முக்கியம், என் தம்பி இரண்டு வருடத்துக்கு முன் உயிரை மாய்த்துக்கொள்ளப் பார்த்தான். பிழைத்துக்கொண்டான், இப்போது வேலைக்குப் போகிறான், சிரிக்கிறான். ரிப்போர்ட்டைப் பார்த்த அம்மா கேட்டது ஒன்றுதான்: "அவனுக்கும் இந்த ரத்தத்தை எடுத்துப் பார்த்தா, அந்த நெனப்பு மறுபடி வருதான்னு தெரிஞ்சிடுமா?" எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

ஆய்வகப் பூனை:

லேப்பில் பன்னிரண்டு வருடம் ரத்தக் குழாயோடு குடும்பம் நடத்துகிறவன் என்ற முறையில் அந்த எண்ணைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மனசைப் பற்றிச் சொல்ல இங்கே வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

சிஆர்பி கல்லீரல் செய்கிற ஒரு புரதம். ஹெச்எஸ் என்றால் அதையே இன்னும் நுணுக்கமாக அளப்பது. 1930இல் நியூயார்க் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தை ஆராய்ந்தபோது கண்டுபிடித்தார்கள். உடம்பில் எங்காவது கிருமி புகுந்தாலோ திசு அடிபட்டாலோ உடம்பு காட்டுகிற எதிர்ப்புத்தான் அழற்சி. அப்போது வெள்ளணுக்கள் ஐஎல்-6 என்ற சமிக்ஞையை விடும், கல்லீரல் அதைக் கேட்டுச் சிஆர்பியைக் கொட்டும். ஆறு மணி நேரத்தில் ஏற ஆரம்பித்து, இரண்டு நாளில் உச்சிக்குப் போகும். காரணம் நின்றுவிட்டால் ஏறத்தாழ 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். தீயணைப்பு வண்டியின் சைரன் மாதிரி என்று வையுங்கள். சத்தம் கேட்கிறது, எந்தத் தெருவில் தீ என்று அது சொல்லாது.

1க்குக் கீழே குறைவு, 1 முதல் 3 நடுத்தரம், 3க்கு மேல் அதிகம் என்ற அந்தக் கோடுகளை 2003இல் அமெரிக்காவில் போட்டது மாரடைப்பு அபாயத்தைக் கணிக்க. மனச்சோர்வுக்காகப் போட்ட கோடு இல்லை அண்ணே. 10ஐத் தாண்டினால் முதலில் தொற்று இருக்கிறதா என்று பார், இரண்டு வாரம் கழித்து மறுபடி எடு என்பதுதான் முறை. 6.8க்கும் நான் அதையே சொல்வேன். சளி, பல் ஈறு வீக்கம், தொப்பை, சிகரெட், பெண்களுக்குக் கர்ப்பத்தடை மாத்திரை, எல்லாமே இந்த எண்ணை ஏற்றும். ரத்தம் எடுத்த வாரம் உங்களுக்கு என்ன இருந்தது?

செந்தூல்காரன்:

பூனை அண்ணே, சளி இல்லை. கடைவாய்ப் பல் ஒன்று மாதக்கணக்கில் தொல்லை கொடுக்கிறது, ஆனால் அதெல்லாம் ஒரு விஷயமா?

ஆய்வகப் பூனை:

ஒரு விஷயம்தான். முதலில் பல் டாக்டரிடம் போங்கள்.

புத்தகப்புழு:

பூனை சொன்னது சரி, ஆனால் அதோடு விட்டால் அந்த லேப்காரர்கள் சுத்தமாகக் கதை விட்டார்கள் என்று ஆகிவிடும். அவர்கள் விற்றது அப்படி, ஆராய்ச்சி அப்படி இல்லை. நான் யுனிவர்சிட்டியில் இதற்குப் பக்கத்துத் துறையில் ஆராய்ச்சி செய்கிறேன், அதனால் கொஞ்சம் வாய் நீளும்.

டெங்கி வந்து படுத்தவர்கள் கை தூக்குங்கள். காய்ச்சலின்போது சோறு பிடிக்காது, யாரும் பேசினால் எரிச்சல், போனைக்கூடத் தொடப் பிடிக்காது, தூங்கிக்கொண்டே இருக்கத் தோன்றும். கிருமி நேரடியாகச் செய்கிற வேலையல்ல அது, நம் எதிர்ப்புச் சக்தி மூளைக்கு அனுப்புகிற உத்தரவு: சும்மா கிட, சக்தியைச் செலவழிக்காதே. இந்த நிலைமை மனச்சோர்வோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதில்தான் கதை ஆரம்பித்தது. ஆரோக்கியமான ஆட்களுக்கு டைஃபாய்டு தடுப்பூசி போட்டு ஐஎல்-6 ஏறும்போது மனநிலை இறங்குவதையும், மனச்சோர்வோடு தொடர்புள்ள மூளைப் பகுதி மாறுவதையும் ஸ்கேனில் பார்த்திருக்கிறார்கள்.

2010இல் 24 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் மனச்சோர்வு உள்ளவர்களுக்கு ஐஎல்-6ம், அதே மாதிரி இன்னொரு அழற்சிச் சமிக்ஞையான டிஎன்எஃப்-ஆல்ஃபாவும் மற்றவர்களைவிடக் கூடுதல். 2019இல் இன்னும் பெரிய கணக்கு, மனச்சோர்வு நோயாளிகளில் ஏறக்குறைய 27 விழுக்காட்டினருக்குச் சிஆர்பி 3க்கு மேல். இங்கிலாந்தில் பிரிஸ்டல் பக்கம் பிள்ளைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து பார்த்த ஆய்வில், 9 வயதில் ஐஎல்-6 அதிகம் இருந்தவர்களுக்கு 18 வயதில் மனச்சோர்வு வருவது கூடுதலாக இருந்தது. அதாவது அழற்சி முன்னால் போகிறது, பின்னால் மட்டும் வரவில்லை.

கோபக்காரக் குயில்:

27 விழுக்காடு என்றால் 73 விழுக்காட்டினருக்கு 3க்கு மேல் இல்லை என்று அர்த்தம். இதை ஏன் யாரும் முதல் வரியில் சொல்வதில்லை?

இன்னொன்று. கொழுப்புத் திசுவே ஐஎல்-6 சுரக்கிறது. எடை, புகை, வேறு நோய்கள் எல்லாவற்றையும் கணக்கில் கழித்த பிறகு இந்தத் தொடர்பு பல ஆய்வுகளில் சுருங்கிவிடுகிறது. முழுசாக மறைந்துவிடுகிறது என்று நான் சொல்லவில்லை, சுருங்குகிறது. நம் வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள், இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், இல்லாத குடும்பம் எத்தனை? காலையில் ரொட்டி சானாய், பத்து மணிக்குத் தே தாரிக், ராத்திரி பதினொரு மணிக்கு மாமாக் கடையில் மீ கோரேங். இந்த ஆளைப் பிடித்து ரத்தம் எடுத்தால் சிஆர்பி ஏறித்தான் இருக்கும். அவருக்கு மனச்சோர்வும் இருந்தால் எது எதைக் கொண்டுவந்தது?

மலேசிய அரசாங்கத்தின் தேசிய சுகாதார ஆய்வில் 2019இல் 2.3 விழுக்காடாக இருந்த மனச்சோர்வு 2023இல் 4.6 விழுக்காடு. நாலு வருடத்தில் இரட்டிப்பு. நாட்டில் எல்லாருடைய கல்லீரலும் சேர்ந்தா திடீரென்று சைரன் ஊதியது? வேலை போனது, கோவிட், கடன், வீட்டுக்குள் சண்டை, இதையெல்லாம் சொல்லாமல் "மூளை அழற்சிப் பேக்கேஜ்" விற்கிறார்கள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

மஞ்சள் மாமா:

அழற்சி என்று சொன்னதும் இவ்வளவு படித்தவர்கள் யாரும் மஞ்சளைச் சொல்லவில்லையே! என் தங்கச்சி மகள் பத்து ஊசி மருந்தில் ஆகாததைக் குர்குமின் கேப்சூல் நாலு டப்பாவில் முடித்தாள். வேண்டுமென்றால் தனியாகச் செய்தி அனுப்புங்கள், அசல் சரக்கு இருக்கிறது.

ஆய்வகப் பூனை:

மாமா, போன மாதம் முட்டிவலி இழையிலும் இதே டப்பா. மஞ்சளைக் குழம்பில் போடுங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள். கேப்சூலில் ஒட்டுமொத்தமாக விழுங்கிக் கல்லீரல் கெட்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் வந்திருக்கிறது, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் சிக்கல். விற்பனைக்கு வேறு இடம் பாருங்கள்.

பினாங்கு மல்லி:

ரெண்டு நாளாகப் படித்துக்கொண்டிருந்தேன். முப்பது வருடம் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள், பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். குயில் சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதிக்கு என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

ஹெபடைட்டிஸ் சி நோயாளிகளுக்கு இன்டர்ஃபெரான் ஊசி போட்ட காலம் உங்களில் பலருக்குத் தெரியாது. இப்போது சோஃபோஸ்புவிர் மாத்திரை, 2017இல் நம் அரசாங்கமே காப்புரிமையைத் தாண்டி உத்தரவு போட்டு விலை குறைந்த மருந்தைக் கொண்டுவந்தது, பெரிய புண்ணியம். அதற்கு முன்னால் வாரம் ஒரு ஊசி, 24 வாரம், சிலருக்கு 48 வாரம். இன்டர்ஃபெரான் என்பது உடம்பே சுரக்கிற எதிர்ப்புச் சக்திப் பொருள்தான், அதை வெளியிலிருந்து ஏற்றுகிறோம். லாரி ஓட்டுகிற ஒரு மனுஷன், வார்டு முழுக்கச் சிரிக்கவைப்பவர். குடும்பத்தில் பிரச்சினை இல்லை, கடன் இல்லை. எட்டாவது ஊசிக்கு வந்தபோது நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "மிஸ்ஸி, எதுக்கு உயிரோட இருக்கேன்னு தெரியல" என்றார். எனக்குக் கை நடுங்கியது. டாக்டர் மனநல மருத்துவரைக் கூப்பிட்டு, மருந்தை மாற்றி, வீட்டுக்காரம்மாவைக் கூடவே இருக்கச் சொல்லி, எப்படியோ மீட்டோம். ஊசி நின்று இரண்டு மாதத்தில் பழைய ஆளாகிவிட்டார்.

இது அவர் ஒருவருடைய கதை மட்டும் இல்லை. இன்டர்ஃபெரான் போட்டவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மனச்சோர்வு வரும் என்பது அப்போதே பாடப்புத்தக விஷயம். ஆக, அழற்சிப் பொருள் மனசைக் கவிழ்க்கும் என்பது உண்மை. ஆனால் மூன்றில் இரண்டு பங்கினர் அதே ஊசியை வாங்கிக்கொண்டு கவிழாமல் போனதும் உண்மை. அது ஏன் என்று இன்றுவரை நான் யோசிக்கிறேன்.

புத்தகப்புழு:

அக்கா, நீங்கள் சொன்ன அந்த இன்டர்ஃபெரானிலிருந்துதான் இந்தத் துறையில் பாதிப் பேர் கிளம்பினார்கள்.

உடம்புக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாம் சாப்பாட்டில் எடுக்கும் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தில் கொஞ்சம்தான், மனநிலையோடு தொடர்புள்ள செரோடோனினாகிறது. 90 விழுக்காட்டுக்கு மேல் கைனுரெனின் என்ற வேறு பாதையில் போகிறது. அழற்சி வந்தால் ஐடிஓ என்ற நொதி முடுக்கிவிடப்பட்டு அந்தப் பாதையில் இன்னும் கூட்டம். மூளையில் உள்ள மைக்ரோகிளியா என்ற எதிர்ப்புச் சக்திச் செல்கள் அதிலிருந்து குயினோலினிக் அமிலம் செய்யும், அது என்எம்டிஏ என்ற ஏற்பியைத் தூண்டிவிட்டு நரம்புகளைப் படுத்தும். கீட்டமின் மருந்து மருத்துவமனைக் கண்காணிப்பில் சிலருக்குத் தற்கொலை எண்ணத்தைச் சில மணி நேரத்தில் தணிக்கிறதே, அது அடைப்பதும் அதே ஏற்பியைத்தான். சுவீடனில் லுண்ட் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்தவர்களின் தண்டுவட நீரை எடுத்துப் பார்த்தார்கள். 2009இல் ஐஎல்-6 கூடுதல் என்று வந்தது, 2013இல் குயினோலினிக் அமிலமும் கூடுதல். 2015இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் ஐஎல்-6, ஐஎல்-1 பீட்டா என்ற இன்னொரு அழற்சிச் சமிக்ஞை இரண்டும் தற்கொலை நடத்தையோடு சேர்ந்தே வந்தன.

செந்தூல்காரன்:

படிக்கப் படிக்கப் பயம் கூடுகிறது. அப்படியென்றால் என் தம்பிக்கு ஐஎல்-6 எடுத்துப் பார்ப்பதுதானே நியாயம்? அப்புறம் இன்னொன்று, நேற்று தேடியதில் ஒரு 2014 ஆய்வு கண்ணில் பட்டது, சிஆர்பி 1க்குக் கீழே இருந்தால் எஸ்சிட்டாலோப்ராம் நன்றாக வேலை செய்யுமாம், மேலே இருந்தால் நார்ட்ரிப்டிலின் என்ற வேறு மனச்சோர்வு மாத்திரைதான் சரியாம். நான் தப்பான மாத்திரையா சாப்பிடுகிறேன்? இரண்டு நாளாக மாத்திரையை எடுக்கும்போதெல்லாம் கை நிற்கிறது.

பினாங்கு மல்லி:

தம்பி, மாத்திரையை நிறுத்தாதே. முதலில் அது. எட்டு மாதத்தில் உனக்குத் தூக்கம் வந்ததா, வேலைக்குப் போகிறாயா, சாப்பிடுகிறாயா? போகிறாய் என்றால் அந்த மாத்திரை வேலை செய்கிறது, சிஆர்பி என்ன சொன்னாலும் சரி. சந்தேகம் இருந்தால் உன் டாக்டரிடம் கேள், நீயாக மாற்றாதே.

கோபக்காரக் குயில்:

அந்த 2014 ஆய்வு இருநூற்றுச் சொச்சம் பேரை வைத்துச் செய்தது, எந்த நாட்டிலும் அதை வைத்து ஒரு நோயாளிக்கு மாத்திரை எழுதுவது வழக்கமாகவில்லை. இன்னொன்றும் சொல்கிறேன், இது எனக்குப் பிடித்த ஆய்வு. மூட்டுவாதத்துக்குப் போடுகிற இன்ஃப்ளிக்சிமாப் என்ற மருந்து டிஎன்எஃப்பை அடைக்கும். வேறு மருந்தில் சரியாகாத மனச்சோர்வு உள்ள 60 பேரை எடுத்து, பாதிப் பேருக்கு அதையும் மீதிப் பேருக்கு வெறும் சொட்டு நீரையும் ஏற்றினார்கள். முடிவு 2013இல் அச்சில் வந்தது. மொத்தமாகப் பார்த்தால் வித்தியாசமே இல்லை. சிஆர்பி 5க்கு மேல் இருந்தவர்களுக்கு மட்டும் கொஞ்சம் பலன், குறைவாக இருந்தவர்களிலோ வெறும் நீர் ஏற்றியவர்களே கூடுதலாகத் தேறினார்கள். அதாவது அழற்சி இல்லாத ஆளுக்கு அழற்சி மருந்து கொடுத்தால் அவன் சரியாகும் வேகத்தைக்கூடக் கெடுத்துவிடலாம். அதனால்தான் எல்லாருக்கும் ஒரே பேக்கேஜ் விற்பதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. புழு, இதற்கு மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

புத்தகப்புழு:

மறுப்பு இல்லை. நான் சொல்லவந்ததும் கிட்டத்தட்ட அதுதான், மனச்சோர்வு என்ற ஒரே பெயருக்குள் பல நோய் இருக்கிறது, அதில் ஒரு கூட்டத்துக்கு அழற்சி வழி. செந்தூல்காரர் பயந்ததற்கு நானும் காரணம், மன்னிக்கவும். தம்பியைப் பற்றிய கேள்விக்குக் கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

ஒரு பேச்சுக்கு 1000 பேர், அதில் 5 பேர் வரும் வருடத்தில் முயற்சி செய்யப்போகிறவர்கள் என்று வையுங்கள். நம்மிடம் 80 விழுக்காடு சரியாகச் சொல்லும் ரத்தப் பரிசோதனை ஒன்று இருக்கிறது என்றும் வையுங்கள், இப்போது அப்படி ஒன்று கிடையவே கிடையாது. அந்த 5 பேரில் 4 பேரைப் பிடிக்கும். மீதி 995 பேரில் 199 பேரையும் சேர்த்துப் பிடிக்கும். 203 சிவப்பு மையில் 4தான் நிஜம், விட்டுப்போன ஒருவருக்குப் பச்சை மை. உங்கள் அம்மா அந்தப் பச்சை மையை நம்பி நிம்மதியாகத் தூங்குவார்களே, அதுதான் எனக்குச் சிவப்பு மையைவிடப் பயம். ரத்தம் மட்டும் இல்லை, 2017இல் ஐம்பது வருட ஆய்வுகள் 365ஐச் சேர்த்து அலசினார்கள், வழக்கமாக நாம் பார்க்கிற அபாயக் குறிகள் எதை வைத்துக் கணித்தாலும் காசு சுண்டிப் பார்ப்பதைவிடக் கொஞ்சம்தான் மேல். லுண்டில் பார்த்தது தண்டுவட நீர், அதுவும் முயற்சி நடந்த பிறகு. அது நோயைப் புரிந்துகொள்ள உதவும். நாளைக்கு என்ன நடக்கும் என்று சொல்லாது.

பெயர் வேண்டாம்:

இந்த இழையில் எழுதலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். நான் அந்தத் தம்பியின் இடத்தில் இருந்தவள். ஆறு வருடம் ஆகிறது.

வீட்டுக்கு வந்த பிறகு எல்லாரும் என்னை உற்றுப் பார்த்தார்கள். சாப்பிட்டாளா, குளியலறையில் எவ்வளவு நேரம், போனில் யார். அண்ணன் மூன்று கிளினிக்குக்குக் கூட்டிப்போய் ரத்தம் எடுத்தார், தைராய்டு, வைட்டமின் டி, இரும்பு, எல்லாம். இரும்பு நிஜமாகவே குறைவுதான், மாத்திரை கொடுத்தார்கள், நல்லது. ஆனால் ஒருத்தரும் என்னிடம் "இன்னும் அந்த எண்ணம் வருதா?" என்று கேட்கவில்லை. கேட்டால் ஞாபகப்படுத்தியதாகிவிடும் என்று பயந்தார்கள். எனக்கோ அது ஒருநாள் கூட மறந்ததில்லை, அதனால் யாரும் ஞாபகப்படுத்த வேண்டிய அவசியமே இல்லை. கடைசியில் கேட்டது ஒரு கவுன்சலர். நேராகக் கேட்டார். அழுதேன், சொன்னேன். அன்றைக்குத்தான் ஆறு மாதத்தில் முதல்முறை ஒழுங்காகத் தூங்கினேன்.

பினாங்கு மல்லி:

அம்மாடி, எழுதியதற்கு நன்றி.

செந்தூல் தம்பி, இவள் சொன்னதுதான் உனக்கு வேண்டிய பரிசோதனை. நேராகக் கேட்டால் எண்ணம் புதிதாக முளைக்காது, இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். மாமாக் கடை சத்தத்தில் வேண்டாம், காரில் போகும்போது கேள், முகத்தைப் பார்க்க வேண்டாம் என்பதால் ஆம்பிளைப் பிள்ளைகளுக்கு அது சுலபம். வரவில்லை என்றால் நல்லது. வருகிறது என்றால் திட்டாதே, சத்தியம் வாங்காதே, "எப்போ வந்துச்சு, இப்போ எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டு அவனைப் பார்க்கிற டாக்டரிடம் சீக்கிரம் கூட்டிப்போ. வீட்டில் உள்ள மாத்திரைகளை, உன்னுடையதும் சேர்த்து, அம்மா பூட்டி வைக்கட்டும். அவன் தனியாக இருக்கக்கூடாத நிலைமை என்று தோன்றினால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போ. போலீஸ் கேஸாகுமோ என்று முன்பெல்லாம் குடும்பங்கள் பயந்து மறைக்கும், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டத்தின் 309ஆம் பிரிவை 2023இல் எடுத்துவிட்டார்கள், இப்போது முயற்சி செய்தது குற்றமில்லை. ராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் பிஃப்ரெண்டர்ஸ் என்ற தொண்டு அமைப்பு 03-7627 2929. சுகாதார அமைச்சின் ஹீல் லைனும் இருக்கிறது, 15555. அவன் போனிலும் போட்டு வை, உன் போனிலும் போட்டு வை. நீயும் மாத்திரை சாப்பிடுகிறவன்தானே.

செந்தூல்காரன்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். கேட்டவர்களுக்காக.

கடைவாய்ப் பல்லின் அடியில் சீழ் கட்டியிருந்ததாம். பிடுங்கினார்கள். பூனை அண்ணன் சொன்னபடி மறுபடி ரத்தம் எடுத்தேன், இந்த முறை பக்கத்து கிளினிக்கில், பேக்கேஜ் எதுவும் இல்லாமல். 1.9. டாக்டரிடம் பழைய ரிப்போர்ட்டையும் காட்டினேன், ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டு, "மாத்திரை எப்படி, தூக்கம் எப்படி?" என்றுதான் கேட்டார். எஸ்சிட்டாலோப்ராம் தொடர்கிறது.

தம்பியிடம் கேட்டேன். போன ஞாயிறு பத்துமலைக்கு அம்மாவைக் கூட்டிப்போய் இறக்கிவிட்டு, பார்க்கிங் தேடிச் சுற்றிக்கொண்டிருந்தபோது. மல்லி அக்கா சொன்ன மாதிரி ரோட்டைப் பார்த்துக்கொண்டே. ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை, நான் மூன்று தடவை அதே வரிசையைச் சுற்றினேன். அப்புறம், "மார்ச்ல ஒரு வாரம் வந்துச்சுண்ணே. அப்புறம் போயிடுச்சு. சொன்னா நீங்க மறுபடி என் ரூம் கதவக் கழட்டிடுவீங்கன்னு சொல்லல" என்றான். கதவைக் கழற்றியது நான்தான், இரண்டு வருடத்துக்கு முன்னால், பயத்தில். மன்னிப்புக் கேட்டேன். வியாழக்கிழமை அவன் டாக்டரிடம் இரண்டு பேரும் போகிறோம், அவனே நேரம் வாங்கினான்.

அம்மா இன்னும் ரிப்போர்ட்டை அலமாரியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். எடுத்துவிடலாம் என்றால் விடமாட்டேன் என்கிறார்கள்.

ஆய்வகப் பூனை:

1.9 நடுத்தரம். பல் பிடுங்கிய இடம் ஆறினால் இன்னும் இறங்கலாம். வியாழக்கிழமை போய்வந்து எழுதுங்கள்.